வலிக்காததுதான் வம்பு: சர்க்கரை நோய் உடம்புக்குள் செய்யும் வேலை

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு நாலு சுற்று நடந்தால் போதும், பாதி மருத்துவம் காதில் விழுந்துவிடும். "எனக்கு லைட்டாத்தான் சார் சுகர்." "மாத்திரை போட்டா கிட்னி போயிடும், நான் வெந்தயத்தோட சரி." "பதினஞ்சு வருஷமா இருக்கு, ஒரு தொந்தரவும் இல்லை." மூன்றாவதைச் சொன்னவர் நடை முடிந்ததும் நேராக மெதுவடைக்குப் போவார். அது வேறு கதை.

மூன்று பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: கெடுதல் நடந்தால் உடம்பு சொல்லிவிடும் என்பது. பல் சொத்தையானால் வலிக்கிறது, கால் பிசகினால் வீங்குகிறது, சுகரும் ஏதாவது செய்தால் தெரியாமலா போகும்? தெரியாமல்தான் போகிறது. ஏன் என்று புரிந்துவிட்டால் எந்தப் பரிசோதனையை எதற்காகச் செய்யச் சொல்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும். நான் டாக்டர் இல்லை. இருபது வருடம் அப்பாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன். அதனால் மாத்திரை அளவு, இன்சுலின் அளவு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

ஒரு கணக்கை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேரில் ஒருவர் என்று வையுங்கள்.

## தோசை ஏன் சிவக்கிறது?

தோசைக்கல்லில் வெள்ளையாக ஊற்றிய மாவு ஓரத்தில் பொன்னிறமாகி, மொறுமொறுவென்று சிவக்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சினால் பால்கோவா நிறம் வருகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். மாவிலும் பாலிலும் உள்ள சர்க்கரை, அதிலேயே உள்ள புரதத்தோடு சூட்டில் ஒட்டிக்கொள்கிறது. 1912ல் இதை விவரித்தவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். சமையல்காரர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த வினையைக் குறிப்பிடுகிறார்கள்.

நம் உடம்பும் புரதத்தால் ஆனது. ரத்தத்தில் சர்க்கரை ஓடிக்கொண்டே இருக்கிறது. சூடு 37 டிகிரிதான் என்பதால் தோசைக்கு இரண்டு நிமிடத்தில் ஆவது இங்கே வாரக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகிறது. சர்க்கரை இப்படிப் புரதத்தில் போய் ஒட்டுவதற்கு கிளைகேஷன் என்று பெயர். எல்லோருக்கும் கொஞ்சம் நடப்பதுதான். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருப்பவர்களுக்கு வேகமாக நடக்கிறது.

ஒட்டிய புதிதில் பிரித்துவிடலாம். நாள்பட்டால் நிரந்தரமாகிவிடும். சிவந்த தோசையை மறுபடி வெள்ளையாக்க முடியாதல்லவா? ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் புரதங்கள் பல வருடம் மாறாமல் இருப்பவை. அவற்றில் இப்படி ஒட்டி ஒட்டி, ரப்பர் போல வளைய வேண்டிய சுவர் விறைத்துப்போகிறது. கெடுதலுக்கு வேறு வழிகளும் உண்டு என்றாலும், மொத்தக் கதையின் போக்கு பிடிபட இது ஒன்று போதும்.

## ரத்தம் எழுதும் மூன்று மாத டைரி

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். அதுவும் புரதம்தான், அதனால் அதிலும் சர்க்கரை ஒட்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதம் சர்க்கரை எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். இதுதான் ஹெச்பிஏ1சி. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு. 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். இடைப்பட்டது எல்லைக்கோடு. ஏற்கெனவே நோய் உள்ள பலருக்கு 7க்குள் என்பது பொதுவான இலக்கு, வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார்.

லேப்புக்குப் போவதற்கு முந்தைய மூன்று நாள் மட்டும் சாமியாராகிவிடும் ஆட்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் அப்பா அதில் கைதேர்ந்தவர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 110 வரும், வெற்றிப் புன்னகையோடு ரிப்போர்ட்டை நீட்டுவார். ஹெச்பிஏ1சி 8.9 என்று வந்த அன்றுதான் தீபாவளி பட்சணம் வரை எல்லாம் அம்பலமானது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ரத்தசோகை இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ இந்த எண் தப்பாகக் காட்டலாம். டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சர்க்கரை புரதத்தில் ஒட்டுகிறது, மெதுவாக, சத்தமில்லாமல். எவ்வளவு ஒட்டியது என்று அளக்க முடியும்.

## முதலில் அடைப்பது ஷவர்

போர் தண்ணீர் வரும் வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும். உப்பு படிந்து முதலில் அடைப்பது ஷவரின் பொடித் துளைகள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தடித்த குழாய்க்கு ஒன்றும் ஆனதாகத் தெரியாது, ஆனால் அதன் உட்சுவரிலும் உப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

உடம்பிலும் குழாய்கள் இரண்டு வகை. முடியை விட மெல்லிய நுண்குழாய்கள் ஒன்று. இதயம், மூளை, கால் இவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் இன்னொன்று. சர்க்கரை இரண்டையும் கெடுக்கும். ஷவர் உவமை ஓர் இடத்தில் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும்: ஷவர் அடைக்க மட்டும்தான் செய்யும், நுண்குழாய் கசியவும் செய்யும். சுவர் ஒரு பக்கம் தடித்து, இன்னொரு பக்கம் ஓட்டையாகும்.

சரி, நுண்குழாய் உடம்பு முழுக்க இருக்கிறதே, கண், கிட்னி, நரம்பு என்று மூன்றையே எல்லோரும் ஏன் சொல்கிறார்கள்? தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். இந்த மூன்று இடத்துச் செல்களுக்கு அந்தக் கதவு கிடையாது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறுகிறதோ, அதற்கேற்ப உள்ளேயும் ஏறிவிடும். மழைக்குத் தாழ்வான தெருவில் தண்ணீர் புகுவது மாதிரி.

## கண்: படிக்க முடிகிறது என்பது கணக்கில்லை

கண்ணின் பின்சுவரில் படம் விழும் திரைதான் விழித்திரை. அதில் ஓடும் நுண்குழாய்கள் முதலில் குமிழ் குமிழாகப் புடைக்கும், பிறகு கசியும், அடைக்கும். ரத்தம் போதவில்லை என்று கண் புதுக் குழாய்களை வளர்க்கும். அவசரத்தில் கட்டிய சுவர் மாதிரி அவை பலவீனமாக இருக்கும், ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். விழித்திரையின் நடுப்பகுதிக்குப் பாதிப்பு வரும்வரை பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டினால் அது கண் பரிசோதனை ஆகிவிடாது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்ப்பதுதான் பரிசோதனை.

2005ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், இந்த நகரத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. அந்த ஆய்வில்தான் முதன்முதலாக நோய் தெரியவந்தவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கண்ணில் மாற்றம் இருந்தது. பரிசோதனையில் பிடிபடுவதற்குப் பல வருடம் முன்பே நோய் வேலையைத் தொடங்கியிருக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். சீக்கிரம் பிடித்தால் லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பார்வையைக் காப்பாற்றும். போன பார்வையை அவை முழுசாகத் திருப்பித் தராது. சென்னையில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று.

## கிட்னி: மாத்திரை மேல் விழும் வீண்பழி

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் குட்டி வடிகட்டிகள் உண்டு. வீட்டில் இருக்கும் பித்தளைக் காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டிகாக்‌ஷன் இறங்க வேண்டும், பொடி மேலேயே நிற்க வேண்டும். துளை பெரிதானால் டிகாக்‌ஷனில் பொடி கலந்து வரும். கிட்னி வடிகட்டியில் அப்படி முதலில் நழுவி வரும் பொடிதான் ஆல்புமின் என்ற புரதம்.

பூங்காவில் அந்த மெதுவடை சார் ஒரு நாள் தன் ரிப்போர்ட்டைக் காட்டினார். "கிரியாட்டினின் 1.1 சார், கிட்னி கல்லு மாதிரி இருக்கு." கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. வம்பு என்னவென்றால், கிட்னியின் திறனில் ஏறக்குறைய பாதி போகும்வரை அந்த எண் இயல்புக்குள்ளேயே நிற்கக்கூடும். ஆல்புமின் அதற்குப் பல வருடம் முன்னாலேயே சிறுநீரில் எட்டிப் பார்க்கும். சாதாரண யூரின் டெஸ்ட்டில் அந்தச் சின்னக் கசிவு தெரியாது. லேப்பில் மைக்ரோ ஆல்புமின் என்றோ, ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் என்றோ கேட்க வேண்டும். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 30லிருந்து 300 வரை இருந்தால் மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டு உடனே கவனிக்க வேண்டிய கட்டம். இந்தக் கட்டத்தில் பிடித்தால் கிட்னியைக் காக்கும் மருந்துகள் உண்டு. சிலருக்குக் கசிவே குறைந்துவிடுகிறது.

அப்புறம் அந்த மாத்திரைக் கதை. ஒருவர் பத்து வருடம் சுகர் மாத்திரை போட்டார், கிட்னி கெட்டது, ஆகவே மாத்திரைதான் கெடுத்தது என்பது பூங்கா தர்க்கம். குடை பிடித்தவர்கள் எல்லாம் நனைந்திருக்கிறார்கள், அதனால் குடைதான் நனைத்தது என்பது போல. பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. வேறு காரணத்தால் கிட்னி பலவீனமானால் அதன் அளவைக் குறைப்பார்கள், சில சமயம் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்தைப் பார்த்துத்தான் வதந்தி பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கிட்னிக்கு நிஜமாகவே வினையாவது கட்டுக்கடங்காத சர்க்கரை, கட்டுக்கடங்காத பிபி, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை, உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாத பொடி, லேகியம். மாத்திரைக்குப் பயந்து பொடிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

## கால்: அப்பாவும் அறுபத்து மூவரும்

கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் புறப்பாடு பிற்பகலில் நடக்கும். அப்பா அன்று செருப்பு போட மாட்டார். ஒரு வருடம் மாட வீதியைச் சுற்றிவிட்டு, நீர்மோர் குடித்து, மகிழ்ச்சியாக வீடு திரும்பினார். கூடத்தில் நடந்தபோது மொசைக் தரையில் ஈரத் தடம் விழுந்தது. தண்ணீர் என்று நினைத்து அம்மா துணி எடுத்து வந்தார். துடைத்தால் இளஞ்சிவப்பு.

"என்னங்க, கால்ல என்ன?"

"கால்ல என்ன? ஒண்ணுமில்லையே."

தார் ரோட்டுச் சூட்டில் இரண்டு பாதத்திலும் கொப்புளம் வந்து, ஒன்று உடைந்தும் போயிருந்தது. அதோடு அத்தனை தூரம் நடந்திருக்கிறார். ஆற ஏழு வாரம் ஆனது. வலித்திருந்தால் முதல் பத்தடியிலேயே நிழலுக்கு ஓடியிருப்பார்.

காலுக்குப் போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது, அதனால் முதலில் அடிவாங்குவதும் அதன் நுனி. ஆரம்பத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும், ராத்திரி எரியும், மெத்தை மேல் நடப்பது மாதிரி தோன்றும். பிறகு எரிச்சல் நின்றுவிடும். "எரிச்சல் போயிடுச்சு, குணமாயிடுச்சு" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். நரம்பு செத்துப்போனதாலும் எரிச்சல் நிற்கும். இன்னும் சிலருக்கு எரிச்சலே இல்லாமல் நேராக மரத்துப்போகும். அப்பாவுக்கு அப்படித்தான்.

"சுகர் இருந்தால் புண் ஆறாது" என்பது பாதி உண்மை. உணர்ச்சி இல்லாததால் புண் வந்தது தெரியாது, தெரியாததால் அதன் மேலேயே நடக்கிறோம். ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் ஆறத் தேவையானது வந்து சேராது. சர்க்கரை கூடியிருந்தால் கிருமியை எதிர்க்கும் செல்களும் சோம்பும். இவை ஒன்று சேரும்போதுதான் காலை எடுக்கும் நிலை வருகிறது. ஒரு சங்கிலியை எங்கே அறுத்தாலும் அது அறுந்ததுதான். இங்கே அறுக்கச் சுலபமான கண்ணி, தெரியாமல் போவது.

தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து மேலே காலை நீட்டிப் பார்க்கலாம். விரலிடுக்கை விட்டுவிட வேண்டாம். வெடிப்புக்குக் கிரீம் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும். கால் ஆணியை பிளேடால் சீவுவது, வெந்நீர்ப் பை ஒத்தடம், இரண்டும் கூடாது. வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள். வெளிச் செருப்பையும் ஷூவையும் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். கோயிலுக்குப் போவதானால் காலை ஏழு மணிக்குள், அல்லது வெயில் இறங்கிய பிறகு. வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, வலிக்காது. அவர் மறந்தால் நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், ஞாபகம் வந்துவிடும்.

கண், கிட்னி, கால் மூன்றிலும் ஒரே வரிசைதான்: முதலில் பரிசோதனையில் மட்டும் தெரியும், கடைசியில்தான் நமக்குத் தெரியும்.

## நெஞ்சு வலிக்காத மாரடைப்பு

பெரிய குழாய்களில் கொழுப்பு படிந்து அடைப்பது சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வரும். சர்க்கரை இருந்தால் முன்னதாகவே, கூடுதலாக வரும். இதிலும் நரம்பு விளையாடுகிறது. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு மழுங்கிவிட்டால் மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரலாம். திடீர் மூச்சிரைப்பு, சில்லென்ற வியர்வை, வாந்தி, மேல்வயிற்றில் இனம்தெரியாத சங்கடம், காரணமில்லாத அசதி, இவ்வளவுதான் இருக்கும். சுகர் உள்ளவருக்கு இப்படி வந்தால் "கேஸா இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பலர் சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு பிபியை விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 1977ல் தொடங்கி 1998ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்ததில் நுண்குழாய்ப் பாதிப்பு கால்வாசி குறைந்தது. பிபியை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு அதே பாதிப்பு 37 சதவீதமும் பக்கவாதம் 44 சதவீதமும் குறைந்தன. ஆகவே பிபி, கொழுப்பு, புகையிலை மூன்றும் சர்க்கரைக்குப் பக்கத்து இருக்கைதான்.

## சர்க்கரை இறங்கினால் அன்றே ஆபத்து

மேலே சொன்னதெல்லாம் வருடக்கணக்கில் வருபவை. நிமிடக்கணக்கில் வருவது தாழ்சர்க்கரை: ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவது. இன்சுலினோ சில வகை மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போகும் நாட்களில் வரும். கல்யாணப் பந்தி, சஷ்டி விரதம், அண்ணா சாலை டிராஃபிக் எல்லாமே காரணமாகலாம். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், பேச்சு குழறும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட், மைசூர்பாகு வேண்டாம், நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

## எதை, எப்போது

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், அதாவது பெரியவர்களுக்கு வழக்கமாக வருவது, தெரியவந்த உடனேயே கண், சிறுநீர் ஆல்புமின், பாதம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். அப்புறம் வருடம் ஒரு முறை. எங்கள் வீட்டில் அப்பாவின் பிறந்த நாள் மாதம்தான் கணக்கு, மறக்காது. ஹெச்பிஏ1சி மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பிபி ஒவ்வொரு தடவையும். தனியார் லேப்புக்குப் பணமில்லை என்றால் ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரி இரண்டிலும் சர்க்கரை நோய்ப் பிரிவு உண்டு. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகரும் பிபியும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள்.

பார்வையில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தாலோ, காலில் புண்ணோடு காய்ச்சலோ கறுப்போ தெரிந்தாலோ, வாந்தியோடு மூச்சு வேகமாக வாங்கினாலோ வருடாந்திரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மெதுவடை சாரிடம் காபி ஃபில்டர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்.

"அந்த ஆல்புமின் டெஸ்டுக்குக் காலையில முதல் யூரினா சார்?"

"முதல் யூரின்னா நல்லது. காய்ச்சல், நீர்க்கடுப்பு இருக்கும்போது கொடுக்காதீங்க, தப்பாக் காட்டும். முந்தின நாள் ரொம்ப வேகமா நடந்தாலும் ஆல்புமின் கூடித் தெரியும்."

"அப்போ ஒரு நாள் வாக்கிங்குக்கு லீவு?"

"ஒரு நாள்."

"வடைக்கு?"

பதில் சொல்வதற்குள் வாசல் வந்துவிட்டது.